பழைய கேமுக்கு எந்தக் கம்ப்யூட்டர்?

கொழும்பில் கடை வேலை செய்யும் மாமா மகன் தீபாவளிக்கு ஓப்பநாயக்க வந்திருந்தான். "மச்சான், பழைய ஆர்கேட் கேம் விளையாட வீட்டுல ஒரு கம்ப்யூட்டர் வைக்கப் போறேன். என்ன கிராஃபிக்ஸ் கார்ட் போடலாம்?" என்று கேட்டான். சின்ன வயசில் லயத்து டிவியில் கேசட்டை ஊதி ஊதிப் போட்டு பேக்மேன் விளையாடிய ஆளுங்க நாங்க. அந்த ஆசைக்குச் சேர்த்து வைத்த சம்பளம் மொத்தத்தையும் கொட்டத் தயாராக இருந்தான்.

நான் கலைப்பீடத்தில் படிக்கிறேன், கம்ப்யூட்டர் பாடம் இல்லை. ஆனா இந்தக் கேள்விக்கு விடை வரலாற்றில்தான் இருக்கு.

1978இல் ஜப்பானின் டைட்டோ நிறுவனத்துக்காக தொமோஹிரோ நிஷிகாடோ உருவாக்கிய ஸ்பேஸ் இன்வேடர்ஸ் இயந்திரத்தில் இருந்தது இன்டெல் 8080 சிப். வேகம் சுமார் 2 மெகாஹேர்ட்ஸ். 1980இல் நாம்கோவின் பேக்மேன் சுமார் 3 மெகாஹேர்ட்ஸில் ஓடியது. 1991இல் கேப்காமின் ஸ்ட்ரீட் ஃபைட்டர் 2 வந்தபோதுகூட அது 10தான். இன்றைய சாதாரண ஃபோனின் வேகமே ஆயிரத்தைத் தாண்டும்.

அப்போ எந்தப் பெட்டியும் போதுமா? முழுசா அப்படிச் சொல்ல முடியாது. எமுலேட்டர், பழைய இயந்திரத்தின் சிப், ஒலி, திரை எல்லாத்தையும் மென்பொருளால் திரும்பச் செய்து காட்டுது. பழைய சிப்பின் ஒரு கட்டளைக்காகப் புதிய சிப் பல கட்டளைகளைச் செய்யணும். இத்தாலியரான நிக்கோலா சால்மோரியா 1997 பெப்ரவரியில் வெளியிட்ட 'மேம்' இதில் முக்கியமானது. அதன் நோக்கம் விளையாட்டு மட்டுமில்லை. பழைய இயந்திரங்கள் எப்படி வேலை செய்தன என்று ஆவணப்படுத்துவதும்தான்.

அந்த ஆவணம் ஏன் தேவை? 1993இல் கேப்காம் கொண்டுவந்த சிபிஎஸ்-2 பலகைகளில், கேமைத் திறக்கும் ரகசியச் சாவி ஒரு சிறு பேட்டரியின் தயவில் இருந்தது. பேட்டரி தீர்ந்தால் சாவி அழியும், கேமும் செத்துப்போகும். 2001இல் ஆர்வலர்கள் அந்தப் பூட்டை உடைத்த பிறகுதான் அவற்றை எமுலேட்டரில் ஓட்ட முடிந்தது. கேம்களின் உரிமை இன்னும் நிறுவனங்களிடமே இருக்கு என்பதையும் மறக்கக் கூடாது.

இதையெல்லாம் வைத்து அவனுக்குச் சொன்னது இதுதான். மேம் பெரும்பாலும் சிபியூவை நம்பித்தான் ஓடுது. அதிலும் கோர்களின் எண்ணிக்கையைவிட ஒவ்வொரு கோரின் வேகம் முக்கியம். விலை கூடிய கிராஃபிக்ஸ் கார்டால் பெரிய பயனில்லை. 80கள், 90களின் 2டி கேம்களுக்கு ஆபீஸ்களில் கழித்துவிட்ட பழைய கோர் ஐ5 பெட்டியும் 4 ஜிபி ரேமும் தாராளம். 2012இல் 35 டொலருக்கு வந்த ராஸ்பெர்ரி பையின் புதிய வகைகளும் ஓட்டும், ஆனா பழைய பெட்டி கைக்கு எட்டின தூரத்தில் கிடைக்குது. 90களின் நடுவில் வந்த 3டி ஆர்கேட் கேம்கள்தான் வேகமான சிபியூ கேட்கும். மிச்சக் காசில் முதலில் நல்ல ஜாய்ஸ்டிக் வாங்கணும்; கை உணர்வதே பாதி விளையாட்டு. எங்க பக்கம் மின்னல் அதிகம், வானம் இருண்டதும் பிளக்கைக் கழட்டணும்.

அவன் பழைய ஆபீஸ் பெட்டி ஒன்றைத்தான் வாங்கினான். மீந்த காசு தங்கச்சியின் ஏ.எல். டியூஷனுக்குப் போகுது. பேக்மேனில் அவளை இன்னும் அவனால் ஜெயிக்க முடியல.