சிவப்பரிசியும் சிவப்பாக்கப்பட்ட அரிசியும்

போடியில் விடியுமுன்பே ஜீப்புகள் உறுமத் தொடங்கிவிடும். ஏலத்தோட்ட வேலைக்குப் போகும் பெண்கள் தூக்குச்சட்டியோடு நெருக்கியடித்து உட்கார்ந்து, 17 கொண்டை ஊசி வளைவுகளைத் தாண்டி, போடிமெட்டு வழியாகக் கேரளத் தோட்டங்களுக்குள் நுழைவார்கள். சட்டிக்குள் இருப்பது பெரும்பாலும் ரேஷன் அரிசிச் சோறு. அதே ஊரில் ஏலக்காய் வியாபாரத்தில் வசதியாக இருக்கும் உறவினர் ஒருவர், எனக்கு மாமா முறை, அண்மையில் ஒரு குப்பியை என்முன் வைத்தார். 'சிவப்பு ஈஸ்ட் அரிசி' கேப்சூல்கள். "டாக்டர் குடுத்த கொலஸ்ட்ரால் மாத்திரைய நிறுத்திட்டேன் மாப்ள. அது கெமிக்கல். இது அரிசி. நம்ம தாத்தா பாட்டி சாப்பிட்ட செவப்பரிசிதான?" என்றார். இந்தப் பேச்சுக்குள் ஒரு வரலாறு தலைகீழாகக் கிடக்கிறது.

முதலில் பொருளைப் பிரித்துக்கொள்வோம். நம் சிவப்பரிசியின் நிறம் தவிட்டில் இருப்பது. தீட்டத் தீட்ட வெளுத்துப்போகும். சீனத்தின் 'ஹொங்ச்சூ' வேறு. வெள்ளையரிசியை வேகவைத்து, மொனாஸ்கஸ் என்ற பூஞ்சையை ஏற்றி, ஈரமும் சூடும் காத்து, சிவக்கச் சிவக்க நொதிக்கவைப்பது. மது காய்ச்சவும் சோயாக் கட்டியைப் புளிக்கவைக்கவும் இறைச்சிக்கு நிறமேற்றவும் அது பயன்பட்டது. 16ஆம் நூற்றாண்டில் லீ ஷிசென் தொகுத்த மருந்துநூல் அதைச் செரிமானத்தோடும் ரத்த ஓட்டத்தோடும் சேர்த்துப் பேசுகிறது. 1637இல் சோங் யிங்ஷிங் வெளியிட்ட தொழில்நுட்ப நூல் செய்முறையைத் தருகிறது. இரண்டிலும் கொலஸ்ட்ரால் கிடையாது, இருக்கவும் முடியாது. ரத்தத்தில் எண்ணாக அளக்கப்படும் கொலஸ்ட்ரால், அதை இதயநோயின் 'அபாயக் காரணி'யாகப் பார்ப்பது எல்லாம் 20ஆம் நூற்றாண்டு மருத்துவத்தின் கருத்தாக்கங்கள். 1948இல் அமெரிக்காவின் ஃபிரேமிங்காம் ஊரில் தொடங்கிய நெடுங்கால ஆய்வுக்கு அதில் பெரும் பங்குண்டு.

அப்படியானால் அரிசிக்குள் கொலஸ்ட்ரால் மருந்து எப்போது வந்தது? ஜப்பானில் அகிரா எண்டோ, சாங்க்யோ நிறுவனத்தில் 1971 முதல் ஆயிரக்கணக்கான பூஞ்சைகளைச் சலித்துப் பார்த்தார். உடல் கொலஸ்ட்ராலை உண்டாக்கும் பாதையில் ஒரு நொதியைத் தடுக்கும் பொருளைத் தேடினார். கியோட்டோவின் ஒரு தானியக் கடை அரிசியில் பிடித்திருந்த பூஞ்சையிலிருந்து முதல் ஸ்டாடின் கிடைத்தது. 1979இல் மொனாஸ்கஸிலிருந்து 'மொனாகோலின் கே' என்பதைப் பிரித்தெடுத்தார். அமெரிக்காவின் மெர்க் நிறுவனம் வேறொரு பூஞ்சையிலிருந்து எடுத்த லோவாஸ்டாடினும் அதுவும் ஒரே மூலக்கூறு என்று தெரிந்தது. லோவாஸ்டாடின் 1987இல் அமெரிக்காவில் மருந்தாக அனுமதி பெற்றது. ஆக, மாத்திரைக்குப் பயந்து அரிசிக்குப் போன என் மாமா விழுங்குவது அதே வகை மாத்திரையைத்தான். அளவு மட்டும் தெரியாது. தசைவலி, ஈரல் பாதிப்பு என்று எந்தப் பக்கவிளைவுகளுக்குப் பயந்தாரோ அவையும் கூடவே வரும்.

இந்த இடத்தில் ஒரு வழக்கு முக்கியமானது. 'கொலஸ்டின்' என்ற பெயரில் ஃபார்மனெக்ஸ் நிறுவனம் விற்ற சிவப்பு ஈஸ்ட் அரிசியை, அது உணவுத்துணையல்ல, அனுமதி பெறாத மருந்து என்று 1998இல் அமெரிக்க உணவு மருந்து நிர்வாகம் அறிவித்தது. 1999இல் யூட்டா நீதிமன்றம் கம்பெனி பக்கம் நின்றது. 2000இல் மேல்முறையீட்டில் அது ரத்தானது. 2001இல் நிர்வாகம் வென்றது. பன்னாட்டு மருந்துக் கம்பெனிக்காகப் பாட்டியின் அரிசி பறிக்கப்பட்டது என்று இதை வாசிக்க நம்மில் பலருக்குக் கை துறுதுறுக்கும். மஞ்சள் காப்புரிமையை 1997இல் இந்தியா தகர்த்த பெருமிதம் நமக்கு உண்டுதானே. மஞ்சள் விஷயத்தில் காயத்துக்குப் போடுவது என்ற பயன்பாடே பழசு, அதனால் அந்த வாதம் நின்றது. இங்கே நிர்வாகம் வைத்த வாதமோ வேறு: வழக்கமாக உணவாக விற்கப்பட்ட சிவப்பு அரிசியில் லோவாஸ்டாடின் சொல்லும்படியாக இல்லை, கொலஸ்டினோ அது கூடுதலாக விளையும்படி தயாரிக்கப்பட்டது. அதாவது குப்பியில் இருப்பது பாட்டியின் அரிசியே அல்ல. பாட்டியின் பெயர் மட்டும்தான் அவளுடையது.

பாரம்பரியம் என்பது முன்னாலிருந்து நம்மிடம் வந்து சேர்வது என்று நினைக்கிறோம். பல சமயம் அது இன்றைய சந்தையிலிருந்து பின்னோக்கிக் கட்டப்படுகிறது. இன்றைய நோயின் பெயரை நேற்றைய உணவின்மேல் ஒட்டினால், அளவு சொல்லும் பொறுப்பு, சோதித்துக் காட்டும் பொறுப்பு எல்லாவற்றிலிருந்தும் விற்பவன் தப்பிவிடுகிறான். அதன் விலையை ஜப்பானில் பார்த்தோம். 2024 மார்ச்சில் கோபயாஷி மருந்து நிறுவனம் தன் 'பெனி கோஜி' மாத்திரைகளைத் திரும்பப் பெற்றது. தயாரிப்பில் வேறொரு பூஞ்சை புகுந்து உண்டாக்கிய பியூபெருலிக் அமிலம் சிறுநீரகத்தைத் தாக்கியதாகக் கண்டறியப்பட்டது. நூற்றுக்கணக்கானோர் மருத்துவமனையில் சேர்க்கப்பட்டனர். ஐரோப்பிய ஒன்றியம் 2022லேயே, ஒருநாள் அளவில் மொனாகோலின் 3 மில்லிகிராமுக்குக் குறைவாகவே இருக்க வேண்டும் என்று கட்டுப்படுத்தியிருந்தது.

இயற்கை உணவு இயக்கத்து நண்பர்கள் என்மேல் கோபப்படலாம். மாப்பிள்ளைச் சம்பாவை மீட்பதை நான் குறைசொல்லவில்லை. தவிட்டோடு சாப்பிடுவது நல்லதே. அந்த விதைகளைக் காத்தவர்களுக்கு நாம் கடன்பட்டிருக்கிறோம். ஆனால் அந்தப் பையின்மேல் 'கொலஸ்ட்ராலைக் கரைக்கும்' என்று அச்சடிக்கும்போது நாமும் அந்தக் குப்பிக்காரனின் மொழியைத்தான் பேசுகிறோம். அதன் விளைவாகச் சிவப்பரிசி உழைப்பவர் தட்டிலிருந்து நகர்ந்து, ரத்தப் பரிசோதனைச் சீட்டு வைத்திருப்பவரின் சாப்பாட்டு மேசைக்குப் போய்விடுகிறது.

ரத்தம் யாருடையது அளக்கப்படுகிறது என்பதையும் கேட்டாக வேண்டும். ஏலச்செடிக்குப் பூச்சிமருந்து அதிகம். அது அடித்த தோட்டத்தில் நாளெல்லாம் குனிந்து காய் எடுக்கிற பெண்ணின் ரத்தத்தில் என்ன இருக்கிறது என்று பார்க்க எந்தக் குப்பியும் சந்தைக்கு வரவில்லை. பாரம்பரியம் பேசுகிற நாமும் அவளுடைய தூக்குச்சட்டியைத் திறந்து பார்த்ததில்லை.

மாமாவிடம் இவ்வளவும் சொல்லவில்லை. "குப்பியக் கொண்டுபோய் டாக்டர்ட்ட காட்டுங்க மாமா, ஒளிக்காதீங்க" என்று மட்டும் சொல்லிவிட்டு வந்தேன். "அரிசியக் காட்டுறதுக்கு எதுக்கு டாக்டர்?" என்று சிரித்தார். இன்னும் போகவில்லை.