உத்திரமேரூர்க் குடவோலை: குலுக்கலும் கணக்கும்

காஞ்சி மாநகருக்குத் தெற்கே ஏறத்தாழ முப்பது கிலோமீட்டர் தொலைவில் உள்ள உத்திரமேரூர் இன்று ஒரு பேரூராட்சி. அவ்வூர் வைகுண்டப் பெருமாள் கோயிலின் கருங்கற் சுவரில் முதற் பராந்தக சோழனின் 12ஆம் ஆட்சியாண்டிலும் 14ஆம் ஆட்சியாண்டிலும் (கி.பி. 919, 921) பொறிக்கப்பட்ட இரு கல்வெட்டுகள் உள்ளன. இவை 1898ஆம் ஆண்டுக் கல்வெட்டுத் தொகுப்பில் பதிவு பெற்றன. வெங்கையா அவர்கள் தொல்லியல் துறையின் 1904-05ஆம் ஆண்டறிக்கையில் இவற்றை விரித்து எழுதிய பின்னரே அறிஞருலகம் இவ்வூரைத் திரும்பிப் பார்த்தது. அன்று தொடங்கிய புகழ் இன்றுவரை ஓயவில்லை. 2020 டிசம்பர் 10 அன்று புதிய நாடாளுமன்றக் கட்டிடத்திற்கு அடிக்கல் நாட்டியபோதும் பிரதமர் இக்கல்வெட்டுகளை எடுத்துக்காட்டிப் பேசினார்.

இப்புகழுரைகளில் திரும்பத் திரும்பக் கேட்கும் சொல் 'மக்களாட்சியின் தொட்டில்' என்பது. கல்வெட்டை வாசிக்காமலே சொல்லப்படும் புகழ்மொழி இது என்று நாம் கருதுகிறோம். கல்வெட்டின் பெருமை குடத்தில் மட்டும் இல்லை. குடத்திற்குள் பெயர் செல்வதற்கு முன் கேட்கப்பட்ட கேள்வியில் இருக்கிறது.

முதலில் முறையைக் காண்போம். ஊர் 30 குடும்புகளாகப் பிரிக்கப்பட்டிருந்தது. இன்றைய வார்டு போன்றது குடும்பு. ஒவ்வொரு குடும்பிலும் தகுதியுடையோர் பெயரை ஓலை நறுக்குகளில் எழுதி, குடும்பின் பெயர் எழுதிய வாயோலை பூட்டிக் கட்டாகக் கட்டிக் குடத்தில் இடுவர். இளையோரும் முதியோரும் சபையில் கூடியிருக்க வேண்டும். ஊரில் உள்ள கோயில் நம்பிமார் எவரும் ஒழியாமல் வந்திருக்க வேண்டும். அவர்களுள் முதியவர் குடத்தை அனைவரும் காணத் தூக்கிப் பிடிப்பார். ஒன்றும் அறியாத ஒரு பாலன் ஒரு கட்டை எடுப்பான். அக்கட்டு வேறொரு குடத்தில் அவிழ்த்துக் குலைக்கப்பட, அவனே அதிலிருந்து ஓர் ஓலையை எடுத்து மத்தியஸ்தன் கையில் கொடுப்பான். மத்தியஸ்தன் ஐந்து விரலையும் அகல விரித்து உள்ளங்கையில் அதனை ஏற்க வேண்டும். கையில் முன்பே ஓர் ஓலை மறைந்திருக்கக் கூடாதல்லவா! அவன் வாசித்ததை நம்பிமார் அனைவரும் மீண்டும் வாசிக்க வேண்டும்.

இவ்வாறு தேர்ந்த 30 பேரில், முன்னர்த் தோட்ட வாரியமும் ஏரி வாரியமும் செய்தவர்கள், கல்வியிலும் வயதிலும் முதிர்ந்தவர்கள் ஆகிய 12 பேர் சம்வத்சர வாரியம் ஆவர். 12 பேர் தோட்ட வாரியம். 6 பேர் ஏரி வாரியம். பஞ்சவார வாரியத்திற்கும் பொன் வாரியத்திற்கும் தனியே ஓலை எடுத்தனர். பதவிக்காலம் 360 நாள். இடையில் குற்றம் காணப்பட்டவர் உடனே நீக்கப்படுவார்.

குலுக்கலால் ஆட்சியாளரைத் தேர்வது தமிழகத்திற்கு மட்டும் உரியதன்று. ஏதென்ஸ் நகரத்தார் ஐந்நூற்றுவர் அவையைக் குலுக்கலாலேயே அமைத்தனர். வெனிஸ் நகரில் 1268 முதல் 1797 வரை வழங்கிய தலைவர் தேர்தலில் குலுக்கல் உருண்டைகளை எடுத்தவனும் ஒரு சிறுவனே. கனடாவின் ஒண்டாரியோ மாகாணத்தில் நகராட்சித் தேர்தலில் வாக்குகள் சமமாகி, மறு எண்ணிக்கையிலும் சமம் நீங்காவிடின் சீட்டெடுத்தே முடிவு காண்கின்றனர். நம் நாட்டுச் சட்டமும் சம வாக்குக்கு அவ்வழியையே காட்டுகிறது.

முஸ்லிம் வாசகர்களுக்குக் குலுக்கல் புதிதன்று. மர்யம் (அலை) அவர்களை யார் பொறுப்பேற்பது என எழுதுகோல்களை எறிந்து பார்த்ததையும் (3:44), யூனுஸ் (அலை) அவர்கள் கப்பலில் சீட்டுக் குலுக்கலுக்கு உட்பட்டதையும் (37:141) திருமறை சுட்டுகிறது. நபிகள் நாயகம் (ஸல்) அவர்கள் பயணம் புறப்படுகையில் உடன் வரும் மனைவியைக் குலுக்கலால் முடிவு செய்ததை ஹதீஸ் நூல்களில் காண்கிறோம். ஹஜ் குழுவின் குலுக்கலுக்கும் 'குர்ஆ' என்ற பெயரே வழங்கி வருகிறது. உரிமையில் சமமாக நிற்போரிடையே மனத்தாங்கல் எழாதிருக்கவே குர்ஆ. சமமானோர் யார் என்பதை அது தீர்மானிப்பதில்லை. அது முன்னரே தீர்மானிக்கப்பட்டிருக்கும்.

உத்திரமேரூரில் அது எவ்வாறு தீர்மானிக்கப்பட்டது? அவ்வூர் அன்று உத்தரமேருச் சதுர்வேதிமங்கலம், அதாவது அந்தணர்க்குரிய பிரமதேயம். கால் வேலிக்கு மேற்பட்ட இறைநிலம் உடையவராகவும், தன் மனையில் வீடு கட்டி வாழ்பவராகவும், வேதம் அறிந்தவராகவும் இருப்பவர் பெயரே குடத்தில் இடப்பட்டது. ஒரு வேதமும் ஒரு பாஷ்யமும் வல்லவராயின் அரைக்கால் வேலி போதும். முதற் கல்வெட்டு வயதை 30க்கும் 60க்கும் இடையில் வைத்தது. இரண்டாவது அதனை 35க்கும் 70க்கும் இடையில் என மாற்றியது. ஏரியில் தூர் வாரியவரின் பெயரும் அந்நீரால் உழுதவரின் பெயரும் குடத்திற்குள் சென்றதில்லை. பெண்களின் பெயரும் அவ்வாறே. மற்ற ஊர்களில் நிலமுடைய வேளாளரின் 'ஊர்' என்னும் அவையும், வணிகர்க்கு 'நகரம்' என்னும் அவையும் இருந்தன. 849ஆம் ஆண்டுத் தரிசாப்பள்ளிச் செப்பேட்டில் அஞ்சுவண்ணம் என்ற வணிகர் அமைப்பு உரிமை பெற்றதையும், அதில் சாட்சிகள் அரபியில் கையொப்பமிட்டதையும் நாம் அறிவோம். ஒவ்வோர் அவையும் தன் வேலிக்குள் தன்னாட்சி. வேலிக்கு வெளியே இருந்தவர்க்கு அவை இல்லை. எனவே 1996 அக்டோபரில் தமிழகத்தில் நடந்த உள்ளாட்சித் தேர்தலையும் அதில் இடம்பெற்ற இடஒதுக்கீட்டையும் பராந்தகன் காலத்தின் தொடர்ச்சி எனக் கூறுவது வரலாறாகாது. அது 1992ஆம் ஆண்டின் அரசியலமைப்புத் திருத்தங்களுக்கும் 1994ஆம் ஆண்டின் ஊராட்சிகள் சட்டத்திற்கும் உரிய பெருமை.

அவ்வாறாயின் கல்வெட்டில் நாம் எதனைப் பாராட்டுகிறோம்? இரண்டே ஆண்டுகளில் முதல் ஏற்பாட்டைத் திருத்தி இரண்டாவதை எழுத நேர்ந்தது ஏன் என்று சிந்திப்போர்க்கு விடை கிடைக்கும். முதற் கல்வெட்டு, மூன்றாண்டுகளுக்குள் வாரியம் செய்தவரையும், வாரியம் முடித்தவரின் நெருங்கிய உறவினரையும் விலக்கியது. 'நெருங்கிய' என்பதற்கு எல்லை எது? அங்கேதான் வழக்கு எழுந்திருக்க வேண்டும். இரண்டாம் கல்வெட்டு அந்த ஐயத்திற்கு இடம் வைக்கவில்லை. வாரியம் செய்து கணக்குக் காட்டாதவர் பெயர் குடத்தில் புகாது. அவருடைய சிற்றன்னை பெரியன்னை மக்கள், அத்தை மக்கள், மாமன் மக்கள், தகப்பன், மகன், உடன்பிறந்தான், மருமகன் என உறவுமுறை ஒவ்வொன்றும் பெயர் சொல்லி விலக்கப்பட்டது. கையூட்டுப் பெற்றவர், பிறர் பொருள் கவர்ந்தவர் ஆகியோருக்கும் தடை. பதவி கைமாறுவதுபோல் காட்டி ஒரே வீட்டுக்குள் சுற்றி வரும் தந்திரத்தை அவ்வூரார் நன்கு கண்டிருந்தனர் போலும்.

இவ்விடத்தில் நபிமொழி ஒன்று நினைவுக்கு வருகிறது. ஸகாத் வசூலிக்க அனுப்பப்பட்ட இப்னுல் லுத்பிய்யா திரும்பி வந்து, இது உங்களுக்கு, இது எனக்கு அன்பளிப்பாகக் கிடைத்தது என்று பிரித்துக் காட்டியபோது, அவர் தம் பெற்றோர் வீட்டில் அமர்ந்திருந்தால் அந்த அன்பளிப்பு வந்திருக்குமா என்று அண்ணலார் (ஸல்) வினவினார்கள். உமர் (ரலி) அவர்கள் ஆளுநர்களின் சொத்தைக் கணக்கெடுத்ததும் அதே வழியில்தான். பதவி ஓர் அமானிதம் (4:58). அமானிதம் என்றாலே கணக்கு உண்டு.

இன்றைய சட்டங்களில் இதன் நிழல் உண்டு. 1951ஆம் ஆண்டின் மக்கள் பிரதிநிதித்துவச் சட்டம் தேர்தல் செலவுக் கணக்கைத் தாக்கல் செய்யாத வேட்பாளரை மூன்றாண்டுகள் தகுதி நீக்கம் செய்ய வழிவகுக்கிறது. ஆயினும் அது தேர்தலில் செலவழித்த கணக்கு. பதவியில் செலவழித்த கணக்கன்று. 1995ஆம் ஆண்டின் வக்ஃபு சட்டம் முத்தவல்லி ஆண்டுதோறும் கணக்கு ஒப்படைக்க விதித்தது. இரண்டாண்டுகள் தொடர்ந்து தவறினால் அவரை நீக்கவும் இடமளித்தது. நம் மஹல்லா ஜமாஅத்துகளில் இவ்விதி ஏட்டில் இருந்த அளவுக்கு நடப்பில் இருந்ததா? நாம் அறிந்த ஒரு மஹல்லாவில் தந்தைக்குப் பின் மகன், மகனுக்குப் பின் மருமகன் எனப் பொறுப்பு சென்றது. ஜும்ஆவுக்குப் பின் கணக்கு வாசிக்கக் கேட்ட முதியவரைக் கலகக்காரர் என்றனர். மஷூரா என்ற சொல் அங்கே மிம்பரில் மட்டும் ஒலித்தது. சதுர்வேதிமங்கலத்தார் அந்த மருமகனின் பெயரை ஓலையில் எழுதவே விட்டிருக்க மாட்டார்கள்.

கணக்கு எழுதுபவனையும் அக்கல்வெட்டு விட்டுவைக்கவில்லை. நேர்மையான வழியில் பொருள் ஈட்டியவனே கணக்கு எழுத வேண்டும். தான் எழுதிய கணக்கைச் சபையின் பெருமக்கள் முன் தானே காட்ட வேண்டும். அவனுக்காக வேறொரு கணக்கன் வந்து முடித்துக் கொடுத்தல் ஆகாது. அவன் தூயவன் என்று சபை கண்ட பின்னரே மறுபடி ஏட்டைத் தொடலாம்.