தந்தையின் பெயரும் வளர்த்தவரின் கரமும்

 



பெரம்பலூர், அரியலூர் மாவட்டங்களின் மஹல்லாக்களில் நிகாஹ் பதிவேட்டின் முன் சில நேரங்களில் ஒரு மௌனம் நிலவுவதுண்டு. மணமகளின் தந்தை பெயர் என்ன என்று கேட்கிறோம். அருகில் அமர்ந்திருப்பவர் அவளைச் சிறு வயது முதல் வளர்த்தவர். தாயின் இரண்டாவது கணவர். பெற்ற தந்தையோ பிழைப்புக்காகக் கடல் கடந்து சென்றவர். பல ஆண்டுகளாகக் கடிதமில்லை, பணமில்லை, தொலைபேசியும் இல்லை. "ஹஜ்ரத், என் பெயரையே எழுதிவிடுங்கள். இவளுக்கு அவர் என்ன செய்தார்?" என்று வளர்த்தவர் கண்கலங்கக் கேட்கிறார். லெப்பைக்குடிக்காடு, வி.களத்தூர் போன்ற ஊர்களிலிருந்து தலைமுறை தலைமுறையாக வெளிநாடு சென்று உழைப்போர் நிறைந்த நம் பகுதியில் இந்தக் கேள்வி புதிதன்று. இதற்கு விடை காண வரலாற்றைப் புரட்டுவோம்.

ஜைது (ரலி) அவர்களின் பெயர்

ஜைது இப்னு ஹாரிஸா (ரலி) அவர்கள் கல்ப் கோத்திரத்துச் சிறுவர். கடத்தப்பட்டு உக்காழ் சந்தையில் விற்கப்பட்டு, அன்னை கதீஜா (ரலி) அவர்களின் வழியாக நபி (ஸல்) அவர்களிடம் வந்து சேர்ந்தார். தந்தை ஹாரிஸா தேடி அலைந்து, ஈட்டுத்தொகையோடு மக்காவுக்கு வந்தபோது, முடிவைச் சிறுவரிடமே நபியவர்கள் விட்டார்கள். ஜைது (ரலி) நபியவர்களுடன் இருப்பதையே தேர்ந்தார். அன்று முதல் மக்கள் அவரை "ஜைது இப்னு முஹம்மத்" என்று அழைத்தனர்.

பின்னர் அல்அஹ்ஸாப் அத்தியாயத்தின் 4, 5ஆம் வசனங்கள் இறங்கின. வாயால் மகன் என்று சொல்வதால் ஒருவர் மகனாகிவிடுவதில்லை. வளர்ப்புப் பிள்ளைகளை அவர்களின் தந்தையர் பெயராலேயே அழைக்க வேண்டும். தந்தையர் யாரெனத் தெரியாவிட்டால் அவர்கள் மார்க்கச் சகோதரர்கள் என்று இறைவன் தெளிவுபடுத்தினான். உடனே அவர் மீண்டும் ஜைது இப்னு ஹாரிஸா ஆனார். இதனால் அவரது மதிப்பு குறைந்ததா? ஸஹாபாக்களில் குர்ஆனில் பெயர் சொல்லிக் குறிப்பிடப்பட்டவர் அவர் ஒருவரே. ஹிஜ்ரி 8இல் முஃத்தா போரில் தளபதியாக நின்று ஷஹீதானார். பெயர் மாறியது, பாசம் மாறவில்லை.

அபூதல்ஹா (ரலி) பிடித்த கரம்

நம் கேள்விக்கு இன்னும் நெருக்கமானது அனஸ் (ரலி) அவர்களின் வரலாறு. அவருடைய தந்தை மாலிக் இப்னு நள்ரு. மனைவி உம்மு ஸுலைம் (ரலி) இஸ்லாத்தை ஏற்றதில் கோபமுற்று, குடும்பத்தைத் துறந்து ஷாம் தேசம் சென்று அங்கேயே இறந்தார் என வரலாற்று நூல்கள் கூறுகின்றன. பின்னர் உம்மு ஸுலைம் (ரலி), அபூதல்ஹா (ரலி) அவர்களை மணந்தார்கள். அவர் இஸ்லாத்தை ஏற்றதே மஹராக அமைந்தது.

நபி (ஸல்) மதீனா வந்தபோது, அபூதல்ஹா (ரலி) சிறுவர் அனஸின் கையைப் பிடித்து அழைத்துச் சென்று, இவர் புத்திசாலிச் சிறுவர், தங்களுக்குப் பணிவிடை செய்யட்டும் என்று ஒப்படைத்ததாக புகாரியில் காண்கிறோம். பத்தாண்டுகள் அந்தப் பணிவிடை தொடர்ந்தது. சிந்தியுங்கள்! கைவிட்டுச் சென்றவர் மாலிக். கைப்பிடித்துச் சென்றவர் அபூதல்ஹா. ஆயினும் இன்றளவும் ஹதீஸ் நூல்கள் "அனஸ் இப்னு மாலிக்" என்றே சொல்கின்றன. அபூதல்ஹா (ரலி) அவர்களின் கூலியோ அல்லாஹ்விடம் இருக்கிறது.

நபியவர்களின் இல்லத்திலும் இதுவே நடந்தது. அபூஸலமா (ரலி) ஹிஜ்ரி 4இல் மறைந்த பின், அன்னை உம்மு ஸலமா (ரலி) தம் பிள்ளைகளை எண்ணித் தயங்கியபோது, அவர்களின் பொறுப்பை ஏற்பதாக நபியவர்கள் உறுதி கூறினார்கள். உணவுத் தட்டில் கை அலைந்த சிறுவர் உமருக்கு, பிஸ்மில்லாஹ் சொல்லவும், வலக்கையால் உண்ணவும், தமக்கு அருகிலிருப்பதை உண்ணவும் கற்றுக்கொடுத்தவர்கள் அவர்களே. அந்தச் சிறுவர் பின்னாளில் அலீ (ரலி) அவர்களின் ஆட்சியில் பஹ்ரைனின் ஆளுநரானார். சகோதரி ஜைனப் (ரலி) மதீனாவின் மார்க்கச் சட்ட அறிஞர்களுள் ஒருவராக விளங்கினார். இருவரும் அபூஸலமாவின் மக்கள் என்றே அறியப்பட்டனர்.

நம் நாட்டுச் சட்ட வரலாறு

1972இல் எல்லாச் சமயத்தாருக்கும் பொதுவான தத்தெடுப்பு மசோதா நாடாளுமன்றத்தில் கொண்டுவரப்பட்டது. முஸ்லிம்களின் எதிர்ப்பு வலுத்தது. 1978இல் அது திரும்பப் பெறப்பட்டது. 1980ஆம் ஆண்டு மசோதா முஸ்லிம்களுக்கு விலக்களித்தது, அதுவும் சட்டமாகவில்லை. பின்னர் சிறார் நீதிச் சட்டம் சமய வேறுபாடின்றித் தத்தெடுக்க வழி திறந்தது. 2014 பிப்ரவரி 19 அன்று உச்சநீதிமன்றம், இச்சட்டம் விரும்புவோருக்கான வாய்ப்பே, தம் மார்க்கச் சட்டத்தைப் பின்பற்றுவோரை அது கட்டாயப்படுத்தாது எனத் தெளிவுபடுத்தியது. அவ்வழக்கில் அகில இந்திய முஸ்லிம் தனியார் சட்ட வாரியம் "கஃபாலா" எனும் பொறுப்பேற்பு முறையை எடுத்துரைத்தது. 1989ஆம் ஆண்டின் ஐ.நா. குழந்தை உரிமை உடன்படிக்கையின் 20ஆம் பிரிவும் கஃபாலாவைப் பெயர் சொல்லி ஏற்கிறது.

2017, 2022 ஆண்டுகளின் தத்தெடுப்பு விதிமுறைகளில் மாற்றாந்தந்தை தத்தெடுக்கவும் வழியுள்ளது. ஆனால் 2015ஆம் ஆண்டுச் சிறார் நீதிச் சட்டப்படி, தத்து ஆணை வந்தால் பெற்ற குடும்பத்துடனான சட்ட உறவு அறுந்துவிடும். சென்றவரின் உரிமை போகிறது என மகிழ்கிறோம். கூடவே அவரிடமிருந்து பிள்ளைக்கு வரவேண்டிய வாரிசுரிமையும் போகிறது என்பதை எண்ணுவதில்லை. குற்றம் செய்தவர் தந்தை, இழப்பு பிள்ளைக்கா?

செய்ய வேண்டியவை

பெற்ற தந்தையின் பெயரைக் காப்பது அவரை மன்னித்து விடுவதாகாது. காணாமற்போன கணவனுக்காகப் பெண் காலமெல்லாம் காத்திருக்க வேண்டியதில்லை. நான்கு ஆண்டுகள் தகவலே இல்லையெனில் 1939ஆம் ஆண்டு முஸ்லிம் திருமண ரத்துச் சட்டம் வழி தருகிறது. பிள்ளையின் ஜீவனாம்சம் தந்தையின் கடமை. முஸ்லிம் தந்தையும் இதிலிருந்து தப்ப முடியாது என 1997இல் உச்சநீதிமன்றம் தீர்ப்பளித்தது. 1890ஆம் ஆண்டுக் காப்பாளர் சட்டத்தின் கீழ், பிள்ளையின் நலனைக் காட்டி, மாவட்ட நீதிமன்றத்தில் காப்பாளர் பொறுப்பைக் கோரலாம். நிகாஹில் வலீ பொறுப்பு, தந்தை தொலைவில் தொடர்பற்றுப் போனால், ஹனஃபி மத்ஹபில் அடுத்த உறவினருக்கும் ஷாஃபிஈ மத்ஹபில் காழிக்கும் செல்கிறது. எனவே இல்லாத தந்தையால் எந்தப் பெண்ணின் திருமணமும் நின்றுவிடாது.

வளர்ப்பவருக்கும் மார்க்கம் இடம் தந்துள்ளது. தாயுடன் இல்லறம் நடத்திய பின், அவளுடைய மகள் அவருக்கு நிரந்தர மஹ்ரம் என்பதை அந்நிஸா அத்தியாயத்தின் 23ஆம் வசனம் உணர்த்துகிறது. எந்தத் தத்துப் பத்திரமும் தர இயலாத உறவு இது. அப்பிள்ளைக்கு அவர் வாழும்போதே ஹிபாவாகக் கொடுக்கலாம். மூன்றில் ஒரு பங்கு வரை வஸிய்யத் செய்யலாம்.

2022 ஜூலை 28 அன்று, வேறொரு சமயக் குடும்பத்தின் வழக்கில், தாயின் இரண்டாம் கணவரை ஆவணத்தில் "மாற்றாந்தந்தை" என எழுதச் சொன்னது கொடுமைக்கு ஒப்பானது என உச்சநீதிமன்றம் கண்டித்தது. அச்சொல் பிள்ளையின் மனத்தில் ஏற்படுத்தும் காயத்தை நீதிபதிகள் கண்டார்கள். ஜமாஅத்தார் இதைச் சிந்திக்க வேண்டும். அச்சொல்லை இழிவாக்கியது யார்? நம் நாவுகள் அல்லவா? நபியின் வீட்டில் அது சிறப்பாக இருந்தது.

எனவே பதிவேட்டில் தந்தையின் பெயரை உள்ளபடி எழுதுவோம். வளர்த்தவரை முதல் வரிசையில் அமர்த்தி, அவர் செய்த தியாகத்தைச் சபையறியச் சொல்லி துஆச் செய்வோம். "யாரோ பெற்றது" எனும் ஏளனப் பேச்சை நம் வீடுகளிலிருந்து அகற்றுவோம்.

வல்ல நாயன், பெற்றவர்களுக்குப் பொறுப்புணர்வையும், வளர்ப்பவர்களுக்கு நிறைந்த கூலியையும், பிள்ளைகளுக்கு நன்றியுள்ள உள்ளத்தையும் தந்தருள்வானாக! ஆமீன்.