சீ ஹாக் (ஃப்ளைட்கியர்)

சீ ஹாக் என்பது ஃப்ளைட்கியர் பறப்புப் பாவனையாக்கிக்காகத் தன்னார்வலர்கள் உருவாக்கிய, விலையின்றிக் கிடைக்கும் வானூர்தி நீட்சி ஆகும். இது ஹாக்கர் சீ ஹாக் என்னும் பிரித்தானியக் கடற்படைத் தாரைப் போர் வானூர்தியைப் பாவனை செய்கின்றது.

மூல வானூர்தி

ஓர் இருக்கையும் ஒரு தாரைப் பொறியும் கொண்ட சீ ஹாக், 1953 இல் பிரித்தானியக் கடற்படையில் சேவைக்கு வந்தது. நான்கு 20 மிமீ பீரங்கிகளைக் கொண்டிருந்தது. பின்னர் இந்தியக் கடற்படையும் இதனைப் பயன்படுத்தியது. 1971 ஆம் ஆண்டுப் போரில் விக்ராந்த் கப்பலிலிருந்து சென்ற சீ ஹாக்குகள் காக்ஸ் பசார், சிட்டகாங் ஆகிய இடங்களைத் தாக்கின.

பாவனை

வானூர்தி தாங்கிக் கப்பலிலிருந்து பறப்பதை விளக்க, ஃப்ளைட்கியர் கையேடு இவ்வானூர்தியையே எடுத்துக்காட்டாகக் கொள்கின்றது. பயனர் எல் விசையை அழுத்தி வானூர்தியைக் கவண்பொறியுடன் இணைத்து, பொறியை முழு வலுவுக்கு உயர்த்தி, சி விசையால் ஏவ வேண்டும். இறங்கும்போது வால் கொக்கி தளத்திலுள்ள தடுப்புக் கம்பியைப் பற்ற வேண்டும். எனினும் கையேட்டில் வரும் கப்பல், 1975 இல் சேவைக்கு வந்த அமெரிக்காவின் நிமிட்ஸ் ஆகும். அதன் நீளம் ஏறத்தாழ 333 மீட்டர். விக்ராந்தின் நீளமோ ஏறத்தாழ 213 மீட்டர். எனவே உண்மையான வானோடிகள் எதிர்கொண்ட தளம் இதனினும் மிகச் சிறியது.

உரிமம்

இந்நீட்சி குனூ பொதுமக்கள் உரிமத்தின் கீழ் வெளியிடப்பட்டது. இலவசமாக மட்டும் வழங்கப்படும் நீட்சியை ஆக்கியவர் கைவிட்டால், பாவனையாக்கியின் புதிய பதிப்புக்கேற்ப அதனைத் திருத்தி வெளியிடப் பிறருக்கு உரிமை இராது. கட்டற்ற மென்பொருளான இதனை எவரும் திருத்தலாம், மேம்படுத்தலாம், மீண்டும் வெளியிடலாம்.