பதினெட்டுக்குப் பிந்தைய மூன்று ஆண்டுகள்: தமிழகக் கால்பந்தில் முதல் அணிக்குச் செல்லும் வழி தேய்ந்த வரலாறு

தேனி மாவட்டத்தின் கடமலை-மயிலை ஒன்றியத்தில், வைகை இறங்கி வரும் வருசநாட்டுப் பள்ளத்தாக்கில் இருக்கிறது மயிலாடும்பாறை. அங்கே கால்பந்து ஆடும் பள்ளி மாணவனுக்கு 19 வயது வரை ஏதோ ஒரு போட்டி உண்டு. குறுவட்டம், மாவட்டம், மாநிலம் என்று பள்ளிக் கல்வித் துறையின் குடியரசு தினப் போட்டிகள் நடக்கின்றன. திறமை தெரிந்தால் 1992இல் உருவான தமிழ்நாடு விளையாட்டு மேம்பாட்டு ஆணையத்தின் விடுதியோ ஒரு தனியார் அகாடமியோ அவனைச் சேர்த்துக்கொள்ளும். அதன் பிறகு என்ன என்பதே இக்கட்டுரையின் கேள்வி. அகாடமியில் தேறிய இளைஞன் முதல் அணிக்குள் நுழைய முடியாமல் நின்றுபோவதற்குத் திறமைக் குறைவு, வெளிநாட்டு வீரர்களின் ஆதிக்கம், பயிற்சியாளர்களின் தயக்கம் என்று பல காரணங்கள் சொல்லப்படுகின்றன. மூன்றிலும் ஓரளவு உண்மை இருக்கிறது. ஆனால் கடந்த நாற்பது ஆண்டு வரலாற்றைத் தொடர்ந்து பார்த்தால் அடிப்படைக் காரணம் வேறு. 18 முதல் 21 வயது வரை, முதிர்ந்த வீரர்களுக்கு எதிராக வாரந்தோறும் ஆடும் வாய்ப்பைத் தமிழகக் கால்பந்து ஒரு காலத்தில் தந்துவந்தது. பிறகு அதை இழந்தது. அந்த இடத்தில் வேறொன்றும் வைக்கப்படவில்லை.

அந்த வாய்ப்பைத் தந்தவை துறை அணிகள். குன்னூரை அடுத்த வெலிங்டனில் இருக்கும் மெட்ராஸ் ரெஜிமென்டல் சென்டர் 1955லும் 1958லும் டியூராண்ட் கோப்பையை வென்றது. இந்தியாவின் பெரும் கோல்கீப்பர்களில் ஒருவரான பீட்டர் தங்கராஜ் அந்த ராணுவக் கால்பந்திலிருந்து வந்தவர். சென்னையில் பெரம்பூர் ஐ.சி.எஃப்., தெற்கு ரயில்வே, இந்தியன் வங்கி, வருமான வரித்துறை, சுங்கத்துறை போன்ற நிறுவனங்கள் அணி வைத்திருந்தன. விளையாட்டு ஒதுக்கீட்டில் வேலைக்குச் சேர்ந்த இளைஞன் காலையில் பயிற்சி, பிறகு அலுவலகம், லீக் காலத்தில் ஆட்டம் என்று வாழ்ந்தான். அவனை எதிர்த்து நின்றவர்கள் அவனைவிடப் பத்து வயது மூத்தவர்கள். எப்போது உடலால் மோதுவது, எப்போது பந்தை விட்டுவிடுவது, வேகம் குறைந்த மூத்த தடுப்பாட்டக்காரன் தன் நிலையெடுப்பால் எப்படி வெல்கிறான் என்பதையெல்லாம் சம வயதினரோடு ஆடிக் கற்றுக்கொள்ள முடியாது. துறைக் கால்பந்தைப் பொற்காலமாகக் காட்டுவது என் நோக்கமன்று. வேலை நிரந்தரமானதும் பயிற்சியில் தளர்ந்தவர்கள் உண்டு. ஆட்டத்தின் வேகமும் குறைவு. பதவி உயர்வுக் கணக்குகளும் தேர்வில் நுழைந்தன. ஆயினும் அது ஓர் இளைஞனுக்கு ஆட்டங்களைக் கொடுத்தது, ஆட்டம் நின்றுபோனால் வாழ வழியையும் கொடுத்தது. பின்னால் வந்த எந்த அமைப்பும் இவ்விரண்டையும் சேர்த்துத் தரவில்லை.

அகாடமி என்ற முறை இந்தியாவில் வேரூன்றியது 1987இல், ஜாம்ஷெட்பூரில் டாடா கால்பந்து அகாடமி தொடங்கியபோது. பெங்களூரின் கார்ல்டன் சாப்மன், மணிப்பூரின் ரெனடி சிங், கோவாவின் மகேஷ் கவ்லி என ஒரு தலைமுறையே அங்கிருந்து வந்தது. இதில் ஆய்வாளர்கள் அதிகம் கவனிக்காத ஒரு செய்தி உண்டு. 2017இல் ஜாம்ஷெட்பூர் எஃப்.சி. தோன்றும் வரை, முப்பது ஆண்டுகள், தேசிய லீகில் ஆடும் தொழில்முறை அணி எதுவும் அந்த அகாடமியோடு இணைந்திருக்கவில்லை. அதனால் முதல் அணியின் வாசலில் காத்துக் கிடப்பது என்ற நிலையே அங்கு எழவில்லை. பயிற்சி முடிந்தவர்களைக் கொல்கத்தா, கோவா கிளப்புகள் அழைத்துக்கொண்டன. 1993இல் ஈஸ்ட் பெங்காலில் சேர்ந்த சாப்மன் அதே ஆண்டில் ஈராக்கின் அல் ஸவ்ரா அணிக்கு எதிராக மூன்று கோல்கள் அடித்தார். அகாடமி நல்லதா கெட்டதா என்பதைவிட, அதைச் சுற்றி ஆட்டக்காரனை ஏற்றுக்கொள்ளும் லீக்குகள் எத்தனை இருந்தன என்பதுதான் முடிவைத் தீர்மானித்தது.

தமிழகத்தில் அந்தச் சுற்றுப்புறம் 1990களில் சுருங்கத் தொடங்கியது. 1991க்குப் பிந்தைய பொருளாதார மாற்றத்தில் பொதுத்துறை நிறுவனங்கள் ஆள் எடுப்பைக் குறைத்தன. விளையாட்டு ஒதுக்கீடும் உடன் குறைந்தது. சென்னைக் கால்பந்தின் முதன்மை அணிகளுள் ஒன்றை நடத்திய இந்தியன் வங்கி 1995-96இல் 1,300 கோடி ரூபாய்க்கு மேல் நட்டம் கண்டது. அதன் பிறகும் 2000களின் தொடக்கம் வரை அந்த அணி தேசியக் கால்பந்து லீகில் தாக்குப்பிடித்தது மதிப்புக்குரியது. 2007இல் தேசிய லீக் ஐ-லீக் ஆக மாறியபோது முதல் பருவத்தின் பத்து அணிகளில் தமிழ்நாட்டு அணி ஒன்றுகூட இல்லை. 2014இல் இந்தியன் சூப்பர் லீகோடு சென்னையின் எஃப்.சி. வந்தது. பழைய அமைப்பு தளர்ந்ததற்கும் புதியது வந்ததற்கும் இடைப்பட்ட ஆண்டுகளில் வளர்ந்த தமிழக இளைஞர்கள் மாநிலத்துக்குள்ளேயே மேலே செல்ல இடமில்லாமல் போனார்கள். அவர்களுள் ஒருவரான வியாசர்பாடியின் தனபால் கணேஷ் புனே சென்று ஐ-லீக் ஆடிய பிறகே சென்னை அணிக்குத் திரும்பி, 2017-18 சாம்பியன் பருவத்தில் நடுக்களத்தில் நின்றார்.

இங்கே முதல் மறுப்பை எதிர்கொள்ள வேண்டும். வெளிநாட்டு வீரர்கள் இடத்தைப் பிடித்துக்கொண்டதால்தான் இளைஞர்கள் உள்ளே வர முடியவில்லை என்பது பரவலான வாதம். 2014இல் இந்தியன் சூப்பர் லீகில் எட்டு அணிகள். களத்தில் ஆறு வெளிநாட்டவரை நிறுத்தலாம். அதாவது ஒரு சுற்றில் தொடக்க அணிகளில் இந்தியருக்கு உறுதியான இடங்கள் நாடு முழுவதற்கும் 40. 2017-18இல் வெளிநாட்டவர் ஐந்தாகவும் 2021-22இல் நான்காகவும் குறைந்தனர். அணிகளும் பெருகின, 2024-25இல் 13 அணிகளில் இந்தியருக்கான இடங்கள் 91. பத்தாண்டில் இரு மடங்குக்கு மேல். வெளிநாட்டவர்தான் தடை என்றால் இந்த 51 புதிய இடங்களில் கணிசமான பகுதி இருபது வயது இளைஞர்களுக்குச் சென்றிருக்க வேண்டும். ஆனால் கிளப்புகள் அவ்விடங்களைப் பெரிதும் ஏற்கெனவே முதிர்ந்த இந்திய வீரர்களைக் கொண்டு நிரப்பின. 2021-22 முதல் ஒவ்வொரு அணியும் குறைந்தது நான்கு இளம் வீரர்களை ஒப்பந்தம் செய்து, அவர்களில் இருவரை ஆட்ட நாள் பட்டியலில் சேர்க்க வேண்டும் என்று விதி வந்தது. பட்டியலில் இருப்பது வேறு, களத்தில் இருப்பது வேறு. மாற்று வீரர் வரிசையில் உட்கார்ந்தே பருவத்தைக் கழிப்பவனுக்கு அந்த விதி சட்டை தருகிறது, ஆட்டம் தருவதில்லை.

அப்படியானால் தமிழகத்திலிருந்து முதல் அணிக்குள் நுழைந்தவர்கள் எவ்வழியே நுழைந்தார்கள்? கன்னியாகுமரி மாவட்டக் கடற்கரைச் சிற்றூரான இரவிபுத்தன்துறையின் மைக்கேல் சூசைராஜ், எட்வின் சிட்னி வான்ஸ்பால், அலெக்சாண்டர் ரொமாரியோ ஜேசுராஜ், சென்னையின் நந்தகுமார் சேகர் ஆகிய நால்வரையும் எடுத்துக்கொள்வோம். நால்வரின் பாதையிலும் பொதுவாக இருப்பது சென்னை சிட்டி எஃப்.சி. 2016-17இல் ஐ-லீகில் நுழைந்த அந்த அணி, உள்ளூர் லீகுகளில் ஆடிய தமிழக இளைஞர்களை நேரடியாகக் களத்தில் இறக்கியது. அங்கே ஆடித் தேறிய சூசைராஜ் ஜாம்ஷெட்பூருக்கும் பிறகு கொல்கத்தாவுக்கும் சென்றார். நந்தகுமார் டெல்லி அணி வழியாக ஈஸ்ட் பெங்கால் சேர்ந்து 2024 சூப்பர் கோப்பை இறுதியாட்டத்தில் கோல் அடித்தார். கோயம்புத்தூரைத் தளமாகக் கொண்டு, சிங்கப்பூரின் அக்பர் நவாஸ் பயிற்சியில், 2019 மார்ச் 9 அன்று சென்னை சிட்டி ஐ-லீக் பட்டத்தையே வென்றது. அந்தப் பருவத்தில் பெட்ரோ மான்சி அடித்த 21 கோல்களையே நாளிதழ்கள் கொண்டாடின. ஸ்பானிய வீரர்களைச் சுற்றி நின்று ஆடிய உள்ளூர் இளைஞர்கள் ஒரு தேசிய லீகின் முழுப் பருவத்தைப் பெற்றார்கள் என்பது எனக்கு அதைவிட முக்கியமாகப் படுகிறது. 2020-21 பருவத்தோடு அந்த அணி ஐ-லீகிலிருந்து மறைந்தது. ஓர் அணியின் மறைவு ஒரு மாநிலத்தின் வழியையே அடைத்துவிட்டது என்றால், அந்த வழி எவ்வளவு ஒடுங்கியதாக இருந்தது என்பதை அதுவே காட்டுகிறது.

காரைக்குடிக்கு அருகிலுள்ள கண்டனூரிலிருந்து வந்த சிவசக்தி நாராயணன் இந்த வாதத்துக்கு எதிரான சான்றாக நிறுத்தப்படலாம். ராமன் விஜயனின் கால்பந்துப் பள்ளியில் வளர்ந்து, பெங்களூரு எஃப்.சி.யின் ரிசர்வ் அணி வழியாக முதல் அணிக்கு வந்து, 2022 டியூராண்ட் கோப்பை இறுதியாட்டத்தில் கோல் அடித்தவர் அவர். அகாடமி வழியே நேராக முதல் அணி என்பது சாத்தியம்தானே? சாத்தியம்தான். ஆனால் பெங்களூரின் ரிசர்வ் அணி எங்கே ஆடுகிறது என்று பார்க்க வேண்டும். அந்நகரின் சூப்பர் டிவிஷன் லீகில், ராணுவ அணிகளையும் துறை அணிகளையும் எதிர்த்து ஆடுகிறது. தமிழகம் கைநழுவ விட்ட அதே பள்ளிக்கூடத்தில்தான் அந்த இளைஞர்கள் படிக்கிறார்கள். ஆகவே சிவசக்தியின் வெற்றி என் வாதத்தை உடைக்கவில்லை, உறுதிப்படுத்துகிறது.

வலுவான மறுப்பு இன்னொன்று: நம் அகாடமிகளிலிருந்து வருபவர்களுக்கு அந்தத் தரம் இல்லை, தரமிருந்தால் எந்தப் பயிற்சியாளரும் ஒதுக்க மாட்டார். 2016இல் 18 வயது அனிருத் தாபாவைச் சென்னையின் எஃப்.சி. களமிறக்கியதே, என்பார்கள். அசாதாரணத் திறமை எந்த அமைப்பிலும் வழி கண்டுகொள்ளும்; அதைக் கொண்டு அமைப்பை அளக்க முடியாது. அளக்க வேண்டியது அடுத்த படியில் இருப்பவர்களை. 2007-08இல் பார்சிலோனாவின் இரண்டாம் அணி ஸ்பெயினின் நான்காம் தட்டில், சிற்றூர் மைதானங்களில் ஆடிக்கொண்டிருந்தது. பயிற்சியாளர் பெப் கார்டியோலா. அந்த அணியில் இருந்த செர்ஜியோ புஸ்கெட்ஸ், பெத்ரோ இருவரும் அப்போது பெரிதாகப் பேசப்பட்டவர்கள் அல்லர். மூன்றே ஆண்டில் இருவரும் உலகக்கோப்பை இறுதியாட்டத்தில் ஆடினார்கள். உலகப் புகழ்பெற்ற ஓர் அகாடமியே தன் இளைஞர்களைச் சம வயதினரோடு வைத்திருக்காமல் பெரியவர்களின் லீகுக்கு அனுப்புகிறது. தரம் அங்கே உருவாகிறது. முன்கூட்டியே அமைந்த பிறகு அங்கே போவதில்லை.

இந்தியாவிலும் இதை முயன்று பார்த்திருக்கிறோம். 2010இல் அகில இந்தியக் கால்பந்துச் சம்மேளனம் இளைஞர்களை மட்டும் கொண்டு ஐ-லீகில் இறக்கிய இந்தியன் ஏரோஸ் அணியில்தான் ஜேஜே லால்பெக்லுவா தன்னை நிறுவினார். பின்னர் சென்னையின் எஃப்.சி. வென்ற இரண்டு இந்தியன் சூப்பர் லீக் பட்டங்களிலும் அவர் இருந்தார். 2013இல் கலைக்கப்பட்ட அணி, 17 வயதுக்குட்பட்டோர் உலகக்கோப்பைக்குப் பிறகு 2017இல் மீண்டும் வந்தது. ஜீக்சன் சிங், சுரேஷ் சிங், அன்வர் அலி, ரஹீம் அலி எல்லாரும் அதில் ஆடியவர்கள். அட்டவணையின் அடிப்பகுதியிலேயே கிடந்த அணி என்ற குற்றச்சாட்டு உண்மைதான். ஆனால் அட்டவணைக்காக உருவான அணியல்ல அது. 2022இல் அதை மீண்டும் கலைத்துவிட்டு, இளையோர் லீக் போதும் என்றார்கள். அதே ஆண்டு கோவாவில் நடந்த ரிலையன்ஸ் ஃபவுண்டேஷன் டெவலப்மென்ட் லீகின் முதல் பருவத்தில் ஓர் அணிக்குக் கிடைத்தவை ஏழு ஆட்டங்கள், அதுவும் பெரும்பாலும் 21 வயதுக்குட்பட்டவர்களுக்கு எதிராக. பிறகு அந்தப் போட்டி விரிந்திருக்கிறது, வரவேற்கிறேன். என்றாலும் பெரியவர்களோடு ஆடும் பருவத்துக்கு அது ஈடாகாது.

தேனிக்குத் திரும்பினால் அருகிலேயே இரண்டு ஒப்பீடுகள் கிடைக்கின்றன. மேற்கு மலைத்தொடரைத் தாண்டினால் கேரளத்தின் இடுக்கி. அம்மாநிலத்தில் 2013-14 முதல் கேரள பிரீமியர் லீக் நடக்கிறது. கிளப்புகளின் ரிசர்வ் அணிகளும் துறை அணிகளும் அதில் மோதுகின்றன. 2019-20இல் கேரளா பிளாஸ்டர்ஸ் கிளப்பின் ரிசர்வ் அணியே பட்டம் வென்றது. கிழக்கே மதுரை. அங்கே இயங்கும் சேது எஃப்.சி. 2019இல் இந்திய மகளிர் லீகை வென்றது. கடலூரின் இந்துமதி கதிரேசன் போன்ற தமிழகப் பெண்கள் அந்த அணியில் ஆடினார்கள். ஆக, கால்பந்து ஆடும் வருசநாட்டுப் பெண்ணுக்கு தேசிய லீக் முதல் அணி பக்கத்து மாவட்டத்தில் இருக்கிறது. அவள் அண்ணனுக்கோ மாநிலத்தின் உயர்ந்த லீக்கே 500 கிலோமீட்டருக்கு அப்பால், சென்னை நகரத்துக்குள் நடக்கிறது. வேலையும் தங்குமிடமும் தந்த துறை அணி இருந்தபோது அந்தத் தொலைவைக் கடக்க முடிந்தது. இன்று கடக்கச் சொல்வது வசதியுள்ள வீட்டுப் பிள்ளைகளை மட்டும் தேர்ந்தெடுப்பதாகும்.

2025 ஜூலையில் ஒளிபரப்பு, வணிக உரிமை ஒப்பந்தம் புதுப்பிக்கப்படாததால் இந்தியன் சூப்பர் லீகே நிறுத்தி வைக்கப்பட்டது. கிளப்புகள் செலவைச் சுருக்கும்போது முதலில் கைவிடப்படுபவை இளையோர் அணிகள்தாம். எனவே கிளப்புகளை நம்பிக் காத்திருக்காமல் தமிழ்நாடு கால்பந்துச் சங்கமும் விளையாட்டு மேம்பாட்டு ஆணையமும் சேர்ந்து, மதுரை, திருச்சி, கோவை மண்டலங்களில் ஆண்டுக்குக் குறைந்தது இருபது ஆட்டங்கள் கொண்ட பெரியவர்களுக்கான லீகைத் தொடங்க வேண்டும். விடுதி மாணவர்களும் அகாடமி அணிகளும் காவல்துறை, ரயில்வே, மின்வாரிய அணிகளோடு அதில் ஆட வேண்டும். புதிய மைதானமோ வெளிநாட்டுப் பயிற்சியாளரோ இதற்குத் தேவையில்லை. இருக்கும் மைதானங்களும் நடுவர்களுக்கான படியும் பயணச் செலவும் இருந்தால் அடுத்த பருவத்திலேயே தொடங்கிவிடலாம்.