வெல்லாத வேட்பாளர்

தேர்தல் என்றவுடன் வென்றவரைப் பற்றிப் பேசுவதே உலக வழக்கம். தோற்றவரைப் பற்றிப் பேசுவோர் சிலர். வெல்லும் வாய்ப்பே இல்லை என்பதை ஊரறியத் தாமும் அறிந்து, அறிந்தும் களத்தில் இறங்கி நிற்கின்ற மூன்றாமவரைப் பற்றிப் பேசுவோர் மிகச் சிலர். ஆயினும் அமெரிக்க ஐக்கிய நாடுகளின் வரலாற்றைப் புரட்டுவோமாயின், இம்மூன்றாமவர் நின்றதனாலேயே நாட்டின் போக்கு மாறியது என்று சொல்லத்தக்க தேர்தல்கள் சிலவற்றைக் காண்கிறோம். அவருக்கு அளிக்கும் வாக்கு வீணா, அன்றா என்னும் வினா அந்நாட்டில் நூற்றெண்பது ஆண்டுகளாக எழுப்பப்பட்டு வருகிறது.

அமெரிக்கர் இத்தகைய வேட்பாளரை 'ஸ்பாய்லர்' என்று அழைப்பர். கெடுப்பவர் என்பது பொருள். மொழிபெயர்ப்பையே தொழிலாகக் கொண்ட நமக்கு இச்சொல்லைத் தமிழில் எழுதும்போது ஒரு தயக்கம் உண்டாகிறது. கெடுப்பவர் என்றால், எவருடைய காரியத்தைக் கெடுத்தவர்? மக்களின் வாக்கு எந்தக் கட்சிக்கும் முன்னரே உரிமையாக எழுதி வைக்கப்பட்டது அன்றே! சொல்லிலேயே தீர்ப்பு அடங்கியிருக்கிறது. அத்தீர்ப்பு நியாயமானதுதானா என்று வரலாற்றைக் கொண்டு ஆராய்வோம்.

முதலில் தேர்தல் முறையை அறிந்துகொள்ள வேண்டும். அமெரிக்க ஜனாதிபதியை மக்கள் நேராகத் தேர்ந்தெடுப்பதில்லை. காங்கிரஸின் இரு சபைகளிலும் ஒரு மாநிலத்திற்கு எத்தனை உறுப்பினர் உண்டோ, அத்தனை தேர்வாளர்கள் அம்மாநிலத்திற்கு உண்டு. இன்று மொத்தம் 538 தேர்வாளர்கள். வெற்றிக்கு 270 பேர் வேண்டும். மெய்ன், நெப்ராஸ்கா ஆகிய இரண்டும் நீங்கலாக, மற்ற மாநிலங்களில் ஒரு வாக்கு மிகுதியாகப் பெற்றவருக்கே அம்மாநிலத்தின் தேர்வாளர் அனைவரும் சேர்வர். இரண்டாமவருக்கு ஒன்றும் இல்லை. மூன்றாமவரின் நிலையைச் சொல்லவே வேண்டுவதில்லை. எவருக்கும் பெரும்பான்மை கிட்டாவிடில், பிரதிநிதிகள் சபை கூடி, மாநிலத்திற்கு ஒரு வாக்காக எண்ணி, ஜனாதிபதியைத் தேர்ந்தெடுக்கும். 1824-ஆம் ஆண்டில் நால்வர் போட்டியிட்டபோது அவ்வாறே நிகழ்ந்தது. 99 தேர்வாளரைப் பெற்று முதலில் நின்ற ஆண்ட்ரூ ஜாக்ஸனை விடுத்து, 84 பேரைப் பெற்ற ஜான் குவின்ஸி ஆடம்ஸைச் சபை தேர்ந்தெடுத்தது.

மூன்றாமவரின் வரலாறு 1844-ஆம் ஆண்டில்தான் கூர்மை பெறுகிறது. அவ்வாண்டு ஜனநாயகக் கட்சியின் சார்பில் ஜேம்ஸ் போல்க்கும், விக் கட்சியின் சார்பில் ஹென்றி கிளேயும் எதிரெதிரே நின்றனர். டெக்ஸாஸை நாட்டோடு இணைக்க வேண்டும் என்றார் போல்க். அவ்வாறு இணைத்தால் அடிமை முறை மேலும் பரவும் என்று வடபுலத்தார் பலர் அஞ்சினர். கிளே முதலில் மறுத்தார்; பின்னர்த் தென்புலத்தாரின் மனங்கோணாமல் சற்று வளைந்து பேசினார். அடிமை முறையை அடியோடு வெறுத்தவர்கள் லிபர்ட்டி கட்சியின் வேட்பாளராகிய ஜேம்ஸ் பர்னியிடம் சென்றனர். பர்னி ஒரு காலத்தில் தாமே அடிமைகளை வைத்திருந்தவர். மனம் மாறி அவர்களை விடுவித்தவர்.

நியூயார்க் மாநிலத்தில் போல்க் 5,106 வாக்கு வித்தியாசத்தில் கிளேயை வென்றார். அங்கே பர்னி பெற்றவை 15,812 வாக்குகள். அவர்களில் மூன்றில் ஒரு பங்கினர் கிளேயை ஆதரித்திருந்தாலும் அம்மாநிலத்தின் 36 தேர்வாளர்களும் அவரைச் சேர்ந்திருப்பர். ஜனாதிபதிப் பதவியும் அவருக்கே கிட்டியிருக்கும். போல்க் பதவியேற்றார். 1845-இல் டெக்ஸாஸ் அடிமை முறையோடு கூடிய மாநிலமாகவே சேர்ந்தது. 1846-இல் மெக்ஸிகோவுடன் போர் மூண்டது. அடிமைத்தனம் ஒழிய வேண்டும் என்று வாக்களித்தவர்கள், அது பரவுவதற்கே வழிகோலினார்கள் என்ற பழிச்சொல் எழுந்தது. நேர்மையான மனிதர்களுக்கு இதனினும் கசப்பான பழி வேறு உண்டோ?

ஆயினும் கதை அங்கே முடியவில்லை. லிபர்ட்டி கட்சியினர் 1848-இல் பிரீ சாயில் என்னும் புதிய கட்சியில் கலந்தனர். அக்கட்சி முன்னாள் ஜனாதிபதி வான் பியூரனை நிறுத்தி, நூற்றுக்குப் பத்து வாக்குகளைப் பெற்றது. 1854-இல் குடியரசுக் கட்சி தோன்றியபோது இவர்களில் பலர் அதில் சேர்ந்தனர். 1860-இல் அக்கட்சியின் ஆபிரகாம் லிங்கன், நால்வர் போட்டியில் நூற்றுக்கு நாற்பது வாக்குகளோடு, 303 தேர்வாளரில் 180 பேரைப் பெற்று ஜனாதிபதியானார். அவருடைய நிதி அமைச்சராகிய சால்மன் சேஸ், ஒருகாலத்தில் அந்தச் சிறிய லிபர்ட்டி கட்சியில் பணியாற்றியவர். பர்னி இவற்றைக் காணவில்லை, 1857-இலேயே மறைந்தார். பதினாறே ஆண்டுகளில், கெடுத்தவர்கள் என்று ஏசப்பட்டோரின் கொள்கை நாட்டின் ஆட்சிக்கட்டிலில் ஏறியது.

இதே போக்கை வேறோர் இடத்திலும் காண்கிறோம். 1892-இல் கடன்பட்டு நொந்த குடியானவர்கள் மக்கள் கட்சி என ஒன்றை அமைத்து, ஜேம்ஸ் வீவரை நிறுத்தினர். அவர் பத்து லட்சத்திற்கு மேற்பட்ட வாக்குகளும் 22 தேர்வாளரும் பெற்றுத் தோற்றார். வருவாய்க்கு ஏற்ப உயரும் வருமான வரி வேண்டும், செனட் உறுப்பினரை மக்களே தேர்ந்தெடுக்க வேண்டும் என்பன அவர்கள் கேட்டவற்றுள் சில. அடுத்த தேர்தலிலேயே அக்கட்சி ஜனநாயகக் கட்சியின் வேட்பாளரை ஆதரித்து, மெல்லத் தேய்ந்தது. ஆனால் 1913-இல் அரசியல் சட்டத்தின் 16-ஆம் திருத்தம் வருமான வரிக்கும், 17-ஆம் திருத்தம் செனட்டின் நேரடித் தேர்தலுக்கும் வழி செய்தன. கேட்டவர் மறைந்தனர், கேட்டது கிடைத்தது. பெரிய கட்சிகள், தம்மிடமிருந்து வாக்குகள் நழுவுவதைக் கண்டால், அவ்வாக்குகளை ஈர்த்த கொள்கையையே எடுத்துக்கொள்ளும். மூன்றாமவரின் வலிமை பெரும்பாலும் இவ்வழியாகவே வெளிப்படுகிறது.

எனினும் மூன்றாமவர் எல்லாரும் சிறியவர் அல்லர். 1912-இல் நின்ற தியோடர் ரூஸ்வெல்ட் முன்னரே ஜனாதிபதியாக இருந்தவர். தாமே முன்னிறுத்திய டாஃப்டோடு மனம் முறிந்து, குடியரசுக் கட்சியை விட்டு முற்போக்குக் கட்சியின் பெயரால் போட்டியிட்டார். அக்டோபர் 14-ஆம் நாள் மில்வாக்கி நகரில் ஒருவன் அவரைத் துப்பாக்கியால் சுட்டான். சட்டைப் பையில் மடித்து வைத்திருந்த சொற்பொழிவுத் தாள்களும் மூக்குக்கண்ணாடிக் கூடும் குண்டின் வேகத்தைத் தணித்தன. இரத்தம் கசிய மேடையேறி, ஒரு மணி நேரத்திற்கு மேல் பேசிய பின்னரே அவர் மருத்துவமனை சென்றார். அத்தேர்தலில் அவர் 88 தேர்வாளரைப் பெற, பதவியில் இருந்த டாஃப்ட் எட்டுப் பேரையே பெற்றார். ஆனால் ஒரே கட்சியின் வாக்கு இரண்டாகப் பிளந்தமையால், நூற்றுக்கு நாற்பத்திரண்டு வாக்குக்கும் குறைவாகப் பெற்ற உட்ரோ வில்ஸன் 435 தேர்வாளரோடு வென்றார். அதன்பின் இன்றுவரை மூன்றாம் கட்சியினர் எவரும் இரண்டாம் இடத்தைக்கூட எட்டியதில்லை.

1948-ஆம் ஆண்டுத் தேர்தல் வேறொரு பாடத்தைப் புகட்டுகிறது. அவ்வாண்டு ட்ரூமனின் ஜனநாயகக் கட்சியிலிருந்து இரு கிளைகள் பிரிந்தன. நிறவேற்றுமை நீடிக்க வேண்டும் என்ற ஸ்ட்ராம் தர்மண்ட் ஒருபுறம். ஹென்றி வாலஸ் மற்றொருபுறம். இருவரும் பெற்றவை ஏறத்தாழ ஒரே அளவான வாக்குகள்: பதினோரு லட்சத்திற்குச் சற்று மேல். தர்மண்டின் வாக்குகள் தென்மாநிலங்களில் குவிந்திருந்தன. 39 தேர்வாளர் கிடைத்தனர். வாலஸின் வாக்குகள் நாடெங்கும் சிதறியிருந்தன, ஒருவர்கூடக் கிடைக்கவில்லை. மூன்றாமவர் என்றாலே அறத்தின் பக்கம் நிற்பவர் என்று கருதிவிடலாகாது என்பதும் இதனால் விளங்கும். 1968-இல் ஜார்ஜ் வாலஸ் என்னும் வேறொரு வாலஸ், நிறவேற்றுமையின் பெயராலேயே ஐந்து தென்மாநிலங்களை வென்று 46 தேர்வாளரைப் பெற்றார். எவருக்கும் பெரும்பான்மை கிட்டாமற் செய்து, தம் ஆதரவுக்கு விலை பேசுவதே அவர் நோக்கம். நிக்ஸனுக்குப் பெரும்பான்மை கிட்டியமையால் அது பலிக்கவில்லை.

வாக்குகள் சிதறினால் நேர்வது யாது என்பதை 1992 இன்னும் தெளிவாகக் காட்டியது. செல்வந்தராகிய ராஸ் பெரோ, அரசின் பற்றாக்குறையையே முதற்பொருளாக்கி, தொலைக்காட்சியில் வரைபடங்களைக் காட்டிப் பேசினார். ஒரு கோடியே தொண்ணூற்றேழு லட்சம் பேர் அவருக்கு வாக்களித்தனர். கிடைத்த தேர்வாளர் பூஜ்யம்.

2000-ஆம் ஆண்டில் 1844-இன் நிழல் மீண்டும் விழுந்தது. நாடு முழுவதும் எண்ணினால் அல் கோர் ஐந்து லட்சம் வாக்குகளுக்கு மேல் முன்னின்றார். ஃபுளோரிடாவில் மட்டும் ஜார்ஜ் புஷ் 537 வாக்கு வித்தியாசத்தில் வென்று, அதனால் ஜனாதிபதியானார். நுகர்வோர் நலனுக்காகப் பாடுபட்டுப் புகழ்பெற்ற ரால்ஃப் நேடர் அம்மாநிலத்தில் 97,488 வாக்குகள் பெற்றிருந்தார். பழி முழுவதும் அவர்மேல் விழுந்தது. ஆனால் எதிர்ப்பக்கத்து வாக்கைப் பிரிக்கக்கூடிய பேட் புக்கானனும் அங்கே 17,484 வாக்குகள் பெற்றார். ஐந்நூறு வாக்கில் முடிவாகும் தேர்தலில் எந்தச் சிறு துரும்பையும் காரணமாகக் காட்டலாம்.

அப்படியானால் குற்றம் வேட்பாளரிடமா, வாக்காளரிடமா, எண்ணும் முறையிடமா? மூன்றாவதே பொருத்தமான விடை என்று நமக்குத் தோன்றுகிறது. ஒரே ஒரு பெயருக்கு மட்டும் குறியிட வேண்டும் என்ற விதிதான், விரும்புகிறவருக்கு வாக்களிப்பதா, வெறுப்பவரைத் தடுப்பதா என்னும் இக்கட்டில் மனிதனை நிறுத்துகிறது. விருப்ப வரிசையில் 1, 2, 3 என்று எண்ணிட்டு வாக்களிக்கும் முறையை மெய்ன் மாநிலம் 2020-ஆம் ஆண்டு ஜனாதிபதித் தேர்தலில் கையாண்டது.

நம் நாட்டு ஜனாதிபதித் தேர்தலுக்கு இது புதிதன்று. நம் அரசியல் சட்டத்தின் 55-ஆம் பிரிவே இம்முறையை வகுத்திருக்கிறது. 1969-ஆம் ஆண்டில் அது உண்மையாகவே பயன்பட்டது. முதல் விருப்ப எண்ணிக்கையில் வி. வி. கிரிக்கு 4,01,515, நீலம் சஞ்சீவ ரெட்டிக்கு 3,13,548, மூன்றாமவராகிய சி. டி. தேஷ்முக்குக்கு 1,12,769. எவருக்கும் பாதிக்கு மேல் இல்லை. பின்தங்கியோரை ஒவ்வொருவராக விலக்கி, அவர்தம் வாக்குச் சீட்டுகளில் கண்ட அடுத்த விருப்பங்களைச் சேர்த்து எண்ணியபோது, கிரி 4,20,077-ம், ரெட்டி 4,05,427-ம் பெற்றனர். தேஷ்முக்கை விரும்பியோரின் குரலும் கேட்கப்பட்டது. முடிவும் பாதிக்கு மேற்பட்டோரின் முடிவாகவே அமைந்தது. அங்கே அவரைக் கெடுத்தவர் என்று எவரும் ஏசுவதற்கு இடமில்லை.

ஆனால் அத்தேர்தலில் வாக்களிப்போர் பாராளுமன்ற, சட்டசபை உறுப்பினர்களே. மக்களவைக்கு நாம் வாக்களிக்கும்போது, அமெரிக்கரைப் போலவே ஒரே குறியோடு நிற்கிறோம். அதிலும், தமிழகத்தை விட்டு வந்து தில்லியிலும் மும்பையிலும் கொல்கத்தாவிலும் வாழும் நேயர்களுக்கு, ஹென்றி வாலஸின் கணக்கு எளிதில் விளங்கும். ஒரு தொகுதியில் சில நூறு குடும்பங்கள், அடுத்ததில் சில நூறு என்று சிதறிக் கிடப்போரின் வாக்கு எங்கும் எண்ணப்படுகிறது. எங்கும் தனித்து முடிவு செய்வதில்லை. ஆகவே, வாக்களித்துப் பயன் என்ன என்று சலித்து வீட்டிலிருப்போர் நம்மிலும் உண்டு.

அவர்களுக்கு இவ்வரலாறு இரண்டு செய்திகளைச் சொல்கிறது. விளைவை எண்ணாமல் வாக்களிப்பது கேட்டை விளைவிக்கலாம். 1844-இல் நியூயார்க்கு மாநிலத்தார் அதைக் கண்டனர். அதே வேளையில், அன்று அச்சீட்டைப் போட்ட பதினையாயிரவர் வீட்டிலிருந்திருந்தால், அடிமை முறையை எதிர்ப்போர் இத்தனை பேர் உண்டு என்பதைப் பெரிய கட்சிகள் எண்ணிப் பார்த்திருக்க மாட்டா. இவ்விரண்டையும் மனத்தில் நிறுத்திக்கொண்டு வாக்குச் சாவடிக்குச் செல்வதே நம்மால் ஆவது. எந்தப் பக்கம் குறியிடுவது என்பது அவரவர் நெஞ்சறிந்த முடிவு.