மேரி வர்கீஸ்

மேரி வர்கீஸ் (1925–1986) இந்தியாவில் மறுவாழ்வு மருத்துவத்தின் முன்னோடிகளில் ஒருவர். வேலூர் கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரியில் பணியாற்றினார். விபத்தில் கால்கள் செயலிழந்தபின் சக்கர நாற்காலியில் அமர்ந்தபடி தொழுநோயாளிகளின் கைகளுக்கு அறுவை சிகிச்சை செய்தார்.

பிறப்பு, கல்வி

மேரி வர்கீஸ் கொச்சியில் பிறந்தார். 1940-களில் வேலூரில் மருத்துவம் பயின்றார். ஐடா ஸ்கடர் 1918-ல் பெண்களுக்காகத் தொடங்கிய மருத்துவப் பள்ளி கல்லூரியாக வளர்ந்துவந்த காலம் அது. படிப்பை முடித்தபின் அங்கேயே மருத்துவரானார். மகளிர் மருத்துவத்தில் தேர்ச்சி பெற விரும்பினார்.

விபத்து

1954 ஜனவரியில் சக மருத்துவர்களுடன் சுற்றுலா சென்ற வண்டி விபத்துக்குள்ளானது. மேரிக்கு முகத்தில் காயம் ஏற்பட்டது. தண்டுவடம் பாதிக்கப்பட்டதால் இடுப்புக்குக் கீழ் உணர்வும் அசைவும் இல்லாமல் ஆயின. மகளிர் மருத்துவராகும் திட்டம் அத்துடன் முடிந்தது.

அறுவை சிகிச்சைப் பணி

வேலூர் வட்டாரத்தில் அன்று தொழுநோய் பரவலாக இருந்தது. தொழுநோய் நரம்புகளைத் தாக்குவதால் கைவிரல்கள் மடங்கி நிமிராமல் போகும். நோய் குணமான பிறகும் அந்தக் கைகளால் உழைக்க முடியாது. நலமாக உள்ள தசைநாணை இடம் மாற்றித் தைத்து விரல்களை மீண்டும் இயங்கவைக்கும் சிகிச்சையை மருத்துவர் பால் பிராண்ட் வேலூரில் உருவாக்கியிருந்தார். இந்த அறுவையை உட்கார்ந்தே செய்யலாம் என்பதால் மேரியை அதில் ஈடுபடும்படி அவர் ஊக்குவித்தார். மேரி அதைக் கற்று, நாற்காலியில் அமர்ந்தே அறுவை சிகிச்சை செய்தார்.

மறுவாழ்வு மருத்துவம்

மேரி தன் உடல்நிலைக்கான பயிற்சியை ஆஸ்திரேலியாவின் பெர்த் நகரில் பெற்றார். பின்னர் நியூயார்க்கில் ஹோவார்ட் ரஸ்க்கின் நிறுவனத்தில் மறுவாழ்வு மருத்துவம் பயின்றார். இரண்டாம் உலகப் போரில் காயமுற்ற வீரர்களுக்குச் சிகிச்சை அளித்த அனுபவத்திலிருந்து அத்துறையை வளர்த்தவர் ரஸ்க்.

நாடு திரும்பிய மேரி 1963-ல் வேலூர் மறுவாழ்வு மருத்துவத் துறையின் பொறுப்பை ஏற்றார். 1966-ல் பாகாயத்தில் நோயாளிகள் தங்கிச் சிகிச்சை பெறும் மறுவாழ்வு நிலையம் உருவாவதில் முதன்மைப் பங்காற்றினார். இந்தியாவில் இவ்வகை நிலையங்களில் அதுவே முதலாவது. மரத்திலிருந்து விழுந்து தண்டுவடம் முறிந்தவர்களுக்கு அன்று படுக்கைப் புண்ணும் சிறுநீர்த் தொற்றும் உயிராபத்தாக இருந்தன. புண் வராமல் காத்துக்கொள்வது, கட்டிலிலிருந்து நாற்காலிக்குத் தானே மாறுவது, இயன்ற தொழிலைச் செய்வது ஆகியவை மறுவாழ்வுச் சிகிச்சையின் பகுதிகள்.

விருது, மறைவு

டோரதி கிளார்க் வில்சன் எழுதிய மேரியின் வாழ்க்கை வரலாறு 1963-ல் வெளிவந்தது. இந்திய அரசு 1972-ல் பத்மஸ்ரீ விருது வழங்கியது. மேரி வர்கீஸ் 1986-ல் மறைந்தார்.

வரலாற்று இடம்

உயிரைக் காப்பாற்றுவதுடன் மருத்துவரின் கடமை முடிந்துவிடுகிறது என்ற எண்ணம் நிலவிய காலத்தில், அதன்பின் நோயாளி எப்படி வாழ்வார் என்பதையும் மருத்துவத்தின் பொறுப்பாக்கியவர்களில் ஒருவராக மேரி வர்கீஸ் மதிப்பிடப்படுகிறார். நோயாளி அறிந்த இயலாமையைத் தானும் அறிந்த மருத்துவர் என்பது அவருடைய பணிக்குத் தனி வலிமை அளித்தது.